நடக்க இடம் தரும் தெரு: சிகிச்சைக்குப் பின் வீடு தேடுவோர் கவனிக்க வேண்டியவை

மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்புபவருக்கும், மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து செல்பவருக்கும், நீரிழிவு புதிதாகக் கண்டறியப்பட்டவருக்கும் வழங்கப்படும் அறிவுரைத் தாளில் பெரும்பாலும் ஒரு வரி பொதுவாக இடம்பெற்றிருக்கும்: நாள்தோறும் நடக்க வேண்டும். எவ்வளவு நேரம், எவ்வளவு வேகம் என்பதை மருத்துவர் விளக்குவார். எங்கே நடப்பது என்ற கேள்விக்கு அந்தத் தாளில் விடை இராது. அது நோயாளி வாழும் தெருவைப் பொறுத்தது.

பெரிய நோய்க்குப் பின் பல குடும்பங்கள் வீடு மாறுவதைப் பற்றிச் சிந்திக்கின்றன. மாடிப்படி ஏற இயலாமை, மருத்துவமனைக்கு அருகில் இருக்க வேண்டிய தேவை, தனியே வாழும் பெற்றோரை மகனோ மகளோ தம்முடன் அழைத்துக்கொள்ளும் முடிவு ஆகியவை இதற்குக் காரணமாகின்றன. அப்போது வாடகை, முன்பணம், தண்ணீர் வசதி, மின்தூக்கி, வாகனம் நிறுத்துமிடம் எல்லாம் விசாரிக்கப்படுகின்றன. வாசலைத் தாண்டியபின் நோயாளியால் பாதுகாப்பாக நூறு மீட்டர் நடக்க முடியுமா என்று விசாரிப்போர் அரியர். ஆனால் அடுத்த பல ஆண்டுகளுக்கு அவரது உடல்நிலையையும் மனநிலையையும் பாதிக்கப்போவது அதுவே. வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது தெருவையும் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நடை உடலுக்குச் செய்வது என்ன?

நடக்கும்போது சுருங்கி விரியும் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. இன்சுலின் சரிவரச் செயல்படாதவர்களிடமும் தசை இயக்கத்தால் இது நிகழ்கிறது. உணவுக்குப் பின் சிறிது நேரம் நடப்பது நீரிழிவு உள்ளவர்களுக்குப் பயன் தருவது இதனாலேயே. கெண்டைக்கால் தசைகள் ஒவ்வோர் அடிக்கும் கால் சிரைகளிலுள்ள இரத்தத்தை மேல்நோக்கித் தள்ளுகின்றன. கால் வீக்கமும், இரத்தம் உறையும் அபாயமும் குறைகின்றன. நீண்ட நாள் படுக்கையில் இருந்தவரின் தசைகள் மெலிந்திருக்கும். அவை வலிமை பெறுவதற்கும், உடலின் சமநிலை மீள்வதற்கும், கீழே விழும் அபாயம் குறைவதற்கும் நடை உதவுகிறது. வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் ஜெரி மோரிஸ். இலண்டன் மாநகரின் இரண்டடுக்குப் பேருந்துகளில் நாள் முழுதும் அமர்ந்திருக்கும் ஓட்டுநர்களையும், படியேறி இறங்கிப் பயணச்சீட்டு வழங்கும் நடத்துநர்களையும் அவர் ஒப்பிட்டார். நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்ததை அவர் குழு 1953இல் வெளியிட்டது. ஓட்டுநர்களுக்குத் தொடக்கத்திலேயே பெரிய இடுப்பளவுள்ள சீருடை தேவைப்பட்டதை அவரே பின்னர் எடுத்துக்காட்டினார். ஆகவே வேறுபாடு முழுவதற்கும் வேலை மட்டுமே காரணம் என்று கொள்வதற்கில்லை. ஆயினும் அன்றாட வேலையின் ஊடே நிகழும் உடலியக்கம் இதயத்துக்கு நன்மை தரும் என்ற கருத்து அதன்பின் பல ஆய்வுகளால் வலுப்பெற்றது.

வசிப்பிடத்தைப் பற்றிய ஆய்வுகளும் உள்ளன. கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தின் தென்பகுதி நகரங்களில் 2001 முதல் 2012 வரையிலான தரவுகளை ஆராய்ந்து 2016இல் வெளியிடப்பட்ட ஆய்வு அவற்றுள் குறிப்பிடத்தக்கது. நடப்பதற்கு ஏற்ற பகுதிகளில் உடற்பருமன் உள்ளோரின் விகிதம் ஏறக்குறைய நிலையாக இருக்க, ஏற்பில்லாத பகுதிகளில் அது உயர்ந்தது. புதிதாக நீரிழிவுக்கு உள்ளாவோரும் நடக்க ஏற்ற பகுதிகளில் குறைவாகவே இருந்தனர். நடக்க விரும்புவோர் அத்தகைய பகுதிகளைத் தேடிக் குடியேறுவதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். எனவே வீடு மாறினாலே நோய் அகன்றுவிடும் என்று எவரும் உறுதி கூற இயலாது. நடப்பதற்கான வாய்ப்பு கிடைக்கும் என்பதே உறுதி.

உடற்பயிற்சி நடையும் காரிய நடையும்

நடையில் இருவகை உண்டு. காலணி அணிந்து, நேரம் குறித்து, உடல்நலத்துக்காகவே நடப்பது ஒன்று. பால் வாங்கவும், மருந்து வாங்கவும், கோயிலுக்கோ நூலகத்துக்கோ செல்லவும் நடப்பது மற்றொன்று. முதல் வகை மனவுறுதியைச் சார்ந்தது. மழை, மனச்சோர்வு, விருந்தினர் வருகை என ஏதேனும் ஒன்று குறுக்கிட்டால் நின்றுவிடும். மருத்துவமனையிலிருந்து திரும்பிய முதல் மாதத்தில் தவறாமல் நடந்தவர் ஆறாம் மாதத்தில் நடையை விட்டுவிடுவதை நாம் அடிக்கடி காண்கிறோம். இரண்டாம் வகை எளிதில் நிற்பதில்லை. பால் நாள்தோறும் தேவைப்படுகிறது.

காரிய நடையால் மற்றொரு நன்மையும் உண்டு. வலிப்பு நோய் உள்ளவர், பார்வை குறைந்தவர், பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்தவர் ஆகியோர் வண்டி ஓட்டுவதை நிறுத்த நேரிடுகிறது. கடைக்குச் செல்லவும் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலை அவர்களைப் பெரிதும் வருத்துகிறது. தம் மாத்திரையைத் தாமே சென்று வாங்கி, மீதிச் சில்லறையை எண்ணிப் பெற்று வருவது உடல்நலமுள்ளோருக்குச் சிறு செயல். நோயிலிருந்து மீள்பவருக்கு அது தன்மதிப்பை மீட்டுத் தரும் செயல்.

முதலில் அறிய வேண்டியது நோயாளியின் தொலைவு

‘கடைவீதி பக்கத்தில்தான்’ என்று வீட்டுத் தரகர் கூறுவது பெரும்பாலும் இருசக்கர வாகனத்தில் செல்பவரின் கணக்கு. நோயாளியின் கணக்கு வேறு. மருத்துவமனைகளில் ‘ஆறு நிமிட நடைச் சோதனை’ என்ற எளிய சோதனை உண்டு. சமதளமான நீண்ட நடைக்கூடத்தில், வழக்கமாக 30 மீட்டர் நீளத்தில், நோயாளி முன்னும் பின்னுமாக ஆறு நிமிடம் தம் வேகத்தில் நடப்பார். இடையில் நின்று இளைப்பாறலாம். கடந்த தொலைவு குறிக்கப்படும். இதயம், நுரையீரல் நோய்களில் உடலின் திறனை மதிப்பிட இது பயன்படுகிறது. உங்களுக்கு அச்சோதனை செய்யப்பட்டிருந்தால் அந்த எண்ணைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

எடுத்துக்காட்டாக, ஒருவர் ஆறு நிமிடத்தில் 300 மீட்டர் நடந்திருந்தால் அவரது வேகம் நிமிடத்துக்கு 50 மீட்டர். ஐந்து நிமிடத்தில் அவர் 250 மீட்டர் செல்வார். அதே அளவு திரும்பியும் வர வேண்டும். வரும்போது கையில் பையும் இருக்கும். ஆகவே நோயாளி சோர்வின்றி மொத்தமாக எவ்வளவு தொலைவு நடப்பாரோ அதில் பாதியை எல்லையாகக் கொள்ள வேண்டும். நானூறு மீட்டர் நடப்பவருக்கு இருநூறு மீட்டருக்குள் இருக்கும் கடைதான் ‘பக்கத்துக் கடை’. அந்த எல்லைக்குள் மருந்துக் கடை, மளிகைக் கடை, பாலகம், பேருந்து நிறுத்தம், அமர்ந்து பேச ஓர் இடம் ஆகியவற்றுள் மூன்றேனும் இருந்தால் அந்த வீடு கருத்தில் கொள்ளத்தக்கது. உடல் தேறத் தேற எல்லையும் விரியும் என்பதால், இன்று எட்டாத பூங்கா மூன்று மாதத்துக்குப் பின் எட்டக்கூடும். அதையும் எண்ணிப் பாருங்கள்.

தெருவைப் பார்க்கும் முறை

நடைபாதை: இந்திய சாலைகள் பேரவை பாதசாரிகளுக்கான வசதிகள் குறித்து 2012இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, நடைபாதையில் தடையின்றி நடப்பதற்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். சக்கர நாற்காலிகள் இரண்டு எதிரெதிரே கடந்து செல்ல இந்த அளவு தேவை. அதன் உயரம் 15 செ.மீ.க்கு மிகக் கூடாது. முழங்கால் வலி உள்ளவர் முப்பது செ.மீ. உயரத்தில் ஏறி இறங்குவதைவிடச் சாலையில் இறங்கி நடப்பதையே தேர்ந்துகொள்வார்; அதுவே விபத்துக்கு வழிவகுக்கும். நடைபாதை எத்தனை இடங்களில் அறுபடுகிறது என்பதையும் எண்ணுங்கள். மின்மாற்றி, விளம்பரப் பலகை, நிறுத்திய வண்டிகள், திறந்த வடிகால் மூடி ஆகியவை ஒவ்வொன்றும் ஒரு தடை.

சாய்தளம்: ஓர் அலகு உயரத்துக்குப் பன்னிரண்டு அலகு நீளம் என்பது ஏற்கத்தக்க சரிவு. பதினைந்து செ.மீ. படிக்கு 180 செ.மீ. நீளச் சாய்தளம் வேண்டும். வண்டிகள் ஏறுவதற்காக வாசலில் அமைக்கப்படும் செங்குத்தான சரிவுகள் நடைச்சட்டத்துக்கும் சக்கர நாற்காலிக்கும் பொருந்தா.

சாலையைக் கடத்தல்: பாதசாரி ஒரு விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்ற கணக்கில் சிக்னல் நேரம் அமைக்கப்படுவது பல நாடுகளில் வழக்கம். பதினான்கு மீட்டர் அகலச் சாலையை அவ்வேகத்தில் கடக்க 12 விநாடி ஆகும். ஊன்றுகோலுடன் விநாடிக்கு 0.6 மீட்டர் நடப்பவருக்கோ 23 விநாடி ஆகும். ஆகவே நடுவில் நின்று இளைப்பாறத் தடுப்புத்திட்டு உண்டா என்று பாருங்கள். படிக்கட்டு மட்டுமே உள்ள நடைமேம்பாலம் இதய நோயாளிக்கும் மூட்டு நோயாளிக்கும் பயன்படாது. அன்றாடத் தேவைக்குரிய கடைகள் பெருஞ்சாலையின் மறுபுறம் இருப்பின், வரைபடத்தில் அருகில் தோன்றினாலும் அவை அருகில் இல்லை என்றே கொள்க.

நிழலும் இருக்கையும்: தமிழகத்தின் கோடையில் நிழலற்ற தெரு காலை எட்டு மணிக்கே நடையை முடித்துவைத்துவிடும். நீர் பிரிவதற்கான மாத்திரை உட்கொள்பவர்களுக்கு வெப்பத்தால் உடல்நீர் வற்றி மயக்கம் வரக்கூடும். வேம்பும் புங்கையும் வரிசையாக நிற்கும் தெரு அவர்களுக்கு ஒரு மணி நேரத்தைக் கூடுதலாகத் தருகிறது. மூச்சுத் திணறல் உள்ளவர்களுக்கு நூறு மீட்டருக்கு ஓரிடத்திலேனும் அமர வாய்ப்பு வேண்டும். பேருந்து நிறுத்த இருக்கை, கோயில் மண்டபம், மரத்தடித் திண்டு, கடை வாசல் நாற்காலி என எதுவாயினும் சரி.

நோய்க்கேற்ற கவனம்

எல்லா நோயாளிக்கும் ஒரே தெரு பொருந்தாது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள் வாகனப் புகை மிகுந்த பெருஞ்சாலையையும், தூசி எழும் மண்பாதையையும் தவிர்க்க வேண்டும்; அவர்களுக்கு உட்தெருவே ஏற்றது. நீரிழிவால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்களுக்குச் சரளைக் கற்களும் உடைந்த ஓடுகளும் மறைந்துள்ள பாதை ஆபத்தானது. கோயிலைச் சுற்றி வெறுங்காலுடன் நடப்பதும் அவர்களுக்கு ஏற்றதன்று. நண்பகல் வெயிலில் காய்ந்த கல்தளம் பாதத்தைச் சுடுவது அவர்களுக்குத் தெரியாமலே கொப்புளம் உண்டாகி, அது புண்ணாகும். கால் இரத்தக் குழாய் அடைப்பால் சிறிது தொலைவு நடந்ததும் கெண்டைக்கால் வலிப்பவர்கள், மருத்துவர் அறிவுரைப்படி நடந்து, வலி கூடியதும் நின்று, தணிந்ததும் மீண்டும் நடக்கப் பழக வேண்டும். அவர்களுக்கு நிற்க இடமுள்ள தெரு மருந்தின் ஒரு பகுதி. சிறுநீரை அடக்க இயலாதவர்கள் கழிப்பிடம் எங்கெங்கு உள்ளது என்பதை அறிந்தபின்னரே துணிந்து வெளியே செல்வர்.

மறதி நோயின் தொடக்க நிலையில் உள்ளவர்களைப் பற்றித் தனியே கூற வேண்டும். பல்லாண்டு பழகிய தெருவில் அவர்கள் கால்களே வழி அறியும். புதிய இடத்தில் அந்தப் பழக்கம் துணைக்கு வராது. இவர்களை இடம் மாற்றும் முன் மருத்துவருடன் கலந்து பேசுங்கள்.

பழைய தெருவும் புதிய அடுக்ககமும்

நம் பழைய நகரங்கள் பல, நடப்பவர் காலத்தில் உருவானவை. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலை நடுவாகக் கொண்டு சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி வீதிகள் ஒன்றையொன்று சூழ்ந்து அமைந்துள்ளன. சென்னை மயிலாப்பூரின் மாட வீதிகளில் காய்கறி, பூ, மருந்து, சிற்றுண்டி யாவும் சில நூறு மீட்டருக்குள் கிடைக்கின்றன. ஆயினும் அங்கெல்லாம் நெரிசல் மிகுதி, பழைய வீடுகளில் உயர்ந்த படிகளும் குறுகிய குளியலறைகளும் உண்டு, மின்தூக்கி இராது.

புறநகரின் புதிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மின்தூக்கியும், காவலாளியும், வளாகத்துக்குள் சமதளமான நடைத்தடமும் உண்டு. அறுவை சிகிச்சைக்குப் பின் முதற்சில வாரங்களுக்கு இவற்றைவிடப் பாதுகாப்பான இடம் கிடைப்பது அரிது. ஆனால் வளாகத்தின் வாயிலைக் கடந்தால் பல இடங்களில் நடைபாதை இல்லாத பெருஞ்சாலையே எதிர்ப்படும். மருந்துக்கும் பாலுக்கும் கைபேசியில் பதிவு செய்ய வேண்டும் அல்லது பிள்ளைகள் வரும் வரை காத்திருக்க வேண்டும்.

பெற்றோரைத் தம்முடன் அழைத்துக்கொள்ள விரும்பும் பிள்ளைகள் இதனைச் சிந்திப்பது நலம். சிற்றூரில் நாள்தோறும் கடைவீதிக்கும் கோயிலுக்கும் நடந்து, பத்துப் பேரிடம் நலம் விசாரித்துத் திரும்பும் ஒரு தாயை எண்ணிப்பாருங்கள். மகன் வீட்டின் ஒன்பதாம் தளத்தில் அவருக்கு உணவும் மருந்தும் குறைவின்றிக் கிடைக்கும். நடையும் பேச்சும் நின்றுபோகும். ஓராண்டில் அவரது கால் வலிமை குன்றினால் அதற்கு முதுமையை மட்டும் காரணமாகக் கூற இயலாது. பழைய ஊரில் அவர் விழுந்தால் தூக்கிவிடத் தெருவே இருந்தது என்பதையும், இரவில் மூச்சுத் திணறினால் உடனிருக்க எவருமில்லை என்பதையும் ஒருசேர எடைபோட்டே முடிவு செய்ய வேண்டும். இயலுமாயின் பெற்றோருக்குப் பிள்ளைகள் வீட்டிலிருந்து நடக்கும் தொலைவில், கடைகள் சூழ்ந்த தெருவில் தரைத்தள வீடு பார்ப்பது நல்ல இடைவழி. முடிவெடுக்கும் பேச்சில் அந்தத் தாயும் தந்தையும் பங்கேற்க வேண்டும்.

வீட்டைப் பார்க்கச் செல்லும்போது

ஒருமுறை, அதுவும் ஞாயிற்றுக்கிழமை காலையில், வாகனத்தில் சென்று பார்ப்பது போதாது. வேலை நாளில் காலை ஏழு மணிக்கும், பள்ளி விடும் நேரத்திலும், விளக்கேற்றிய பின்னரும் சென்று பாருங்கள். மழை பெய்த மறுநாள் செல்வது மிகவும் பயன்தரும். நீர் தேங்கும் இடமும், வடிகாலின் நிலையும் தாமே தெரியவரும். பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வரை நடந்தே செல்லுங்கள். நோயாளி வரக்கூடிய நிலையில் இருந்தால் அவரையும் அழைத்துச் சென்று அவர் வேகத்தில் நடங்கள்.

பின்வரும் கேள்விகளை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லலாம்:

1. சாலையில் இறங்காமல் மருந்துக் கடை வரை செல்ல முடிகிறதா?
2. எத்தனை முறை பெரிய சாலையைக் கடக்க வேண்டும்?
3. வீட்டு வாசலுக்கும் தெருவுக்கும் இடையே எத்தனை படிகள்? கைப்பிடி உண்டா?
4. வழியில் அமர்வதற்கு எத்தனை இடங்கள்?
5. காலை ஒன்பது மணிக்கு எந்தப் பக்கத்தில் நிழல் விழுகிறது?
6. இரவில் தெருவிளக்குகள் எரிகின்றனவா?
7. தெருநாய்களின் தொல்லை உண்டா?
8. ஆம்புலன்ஸ் வாசல் வரை வர இயலுமா?
9. முதியவர்கள் தனியே நடந்து செல்வதைக் கண்டீர்களா?

கடைசிக் கேள்வியே மற்றவற்றின் சுருக்கம். எழுபது வயதைக் கடந்தவர்கள் கையில் பையுடன் அச்சமின்றி நடமாடும் தெரு, பெரும்பாலும் நோயாளிக்கும் ஏற்ற தெருவாகவே இருக்கும். அத்தெருவின் மருந்துக் கடைக்காரரிடமும் பூ விற்பவரிடமும் பேசிப் பாருங்கள். தரகர் கூறாதவற்றை அவர்கள் கூறுவர்.

வீடு மாற இயலாதவர்களுக்கு

எல்லாராலும் வீடு மாற இயலாது. சிகிச்சைச் செலவுக்குப் பின் பலருக்கு அது எண்ணத்துக்கே எட்டாதது. அவர்கள் இருக்கும் இடத்திலேயே செய்யக்கூடியவை உண்டு. தொலைவான கடைக்குப் பதிலாக அருகிலுள்ள சிறு கடையில் ஒரு பொருளையேனும் வாங்கி, அந்த ஒரு நடையை நோயாளிக்கென ஒதுக்கலாம். வாகனங்கள் குறைந்த நேரத்தைத் தேர்ந்துகொள்ளலாம். வாடகை வண்டியில் சென்றேனும் வாரம் இருமுறை பூங்காவிலோ கடற்கரையிலோ நடக்கலாம். புதுச்சேரியில் கடற்கரைச் சாலை மாலை முதல் காலை வரை வாகனமின்றி விடப்படுகிறது. சென்னை தியாகராய நகரின் பாண்டி பஜாரில் 2019இல் அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. தெருக்கள் மாறக்கூடியவை என்பதற்கு இவை சான்று.

கேட்கும் உரிமையும் உண்டு. பொது இடங்கள் மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறுகிறது. நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் முன்னுரிமை தரும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014இல் ஏற்றது. உடைந்த நடைபாதையையும் எரியாத விளக்கையும் பற்றிச் சென்னையில் 1913 என்ற எண்ணில் முறையிடலாம். பிற ஊர்களில் வார்டு உறுப்பினரிடமும் உள்ளாட்சி அலுவலகத்திலும் எழுத்துவழி தெரிவிக்கலாம். தெருவார் பலர் கையொப்பமிட்ட மனுவுக்கு வலிமை மிகுதி.

நடக்கும்போது மறவாதீர்

எப்போது தொடங்கலாம், எவ்வளவு நடக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்ட பின்னரே தொடங்குங்கள். நடந்துகொண்டே பேச முடிகிற வேகமே பெரும்பாலோர்க்குப் பொருத்தமானது. நெஞ்சில் வலியோ இறுக்கமோ, வழக்கத்துக்கு மீறிய மூச்சுத் திணறலோ, தலைச்சுற்றலோ தோன்றினால் உடனே நின்று அமருங்கள். தணியாவிடில் 108ஐ அழையுங்கள். இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை உட்கொள்வோர் சட்டைப் பையில் சிறிது சர்க்கரையோ மிட்டாயோ வைத்திருங்கள். பெயர், நோய், உட்கொள்ளும் மருந்து, வீட்டாரின் தொலைபேசி எண் ஆகியவை எழுதிய சீட்டும் உடனிருக்கட்டும்.

அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது, மருந்துச் சீட்டுடன் மற்றொரு செய்தியையும் கொண்டு வாருங்கள்: வீட்டிலிருந்து எவ்வளவு தொலைவு செல்கிறீர்கள், எந்த இடத்தில் நின்றுவிடுகிறீர்கள், நிற்பதற்குக் காரணம் காலா, மூச்சா, சாலையா? முதலிரண்டுக்கும் சிகிச்சையாளர்களும் இயன்முறை மருத்துவர்களும் வழி கூறுவர். மூன்றாவதற்கு வழி காண்பதில் குடும்பத்தாரின் பங்கே பெரிது.